வயலில் முளைத்த குறியீடு

டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்தில் கிழிசல், வெயிலில் வெளுத்த நிறம். ஆனாலும் போனைக் காட்டியதும் பணம் சரியான கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு, 1987ல் அமெரிக்காவில் காலமான ஒரு வங்காளிக்குச் சேரும். ராஜ் சந்திர போஸ். சத்யேந்திரநாத், ஜகதீஷ் சந்திரர் என்று பள்ளிப் பாடத்தில் வரும் போஸ்களின் வரிசையில் இடம் கிடைக்காதவர்.

அட்டையின் மூலைச் சதுரங்களை ஒட்டி 15 சின்னக் கட்டங்கள் உண்டு. மற்றதை எப்படிப் படிப்பது என்று போனுக்குச் சொல்பவை இவை. இதில் நிஜமான செய்தி 5 கட்டங்களில் அடங்கிவிடும். மீதி பத்தும் காவலுக்கு. 5 கட்டங்களில் எழுதக்கூடிய செய்திகள் மொத்தம் 32. அவற்றின் 15 கட்ட வடிவங்களில் எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 7 இடங்களில் வேறுபடும். எனவே 3 கட்டங்கள் கெட்டாலும் மிச்சமிருப்பது மூலச் செய்திக்குத்தான் மிக நெருக்கமாக இருக்கும். இந்தக் காவலர்களை எப்படி அமர்த்துவது என்று சொல்லும் கணிதத்துக்கு பிசிஎச் குறியீடு என்று பெயர். முதல் எழுத்து, போஸ்.

அவர் தொலைத்தொடர்புக்காரரே அல்ல. 1901ல் ஹோஷங்காபாத்தில் பிறந்து ரோத்தக்கில் வளர்ந்த அவருக்குப் பிரியம் வடிவியல். 1932ல் மகலனோபிஸ் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அழைத்தபோது புள்ளியியலே அவருக்குப் புதிது. அங்கே காத்திருந்தது வயல்வெளிப் பிரச்னை. விதை, உரம், தண்ணீர் என்று பலவற்றை ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டும். எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்க நிலம் போதாது. சிலவற்றை மட்டும் விதைத்து, எது விதையால் வந்த விளைச்சல், எது உரத்தால் வந்தது என்று பிரித்தறிவது எப்படி? ஜெர்மனியிலிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த லெவி என்ற கணித மேதையிடம் கற்ற அல்ஜீப்ரா இங்கே கைகொடுத்தது. 1947ல் ‘சங்க்யா’ இதழில் போஸ் எழுதிய நீண்ட கட்டுரை இதைப் பற்றியதுதான்.

1949ல் அவர் வட கரோலினா பல்கலைக்கழகம் போனார். ஒரு செய்தியில் ஒரு பிழை வந்தால் திருத்துவது எப்படி என்று பெல் ஆய்வுக்கூடத்தின் ஹாமிங் அடுத்த ஆண்டே சொல்லிவிட்டார். பல பிழைகள் வந்தால்? 1960ல் போஸும் மாணவர் த்விஜேந்திர ராய் சவுத்ரியும் விடை தந்தார்கள்: எத்தனை பிழை என்று சொல்லுங்கள், அதற்கேற்ற குறியீடு தருகிறோம். வயலில் விளைவுகள் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பதும், கம்பியில் செய்திகள் ஒன்றோடொன்று குழம்பாமல் காப்பதும் கணிதத்தில் கிட்டத்தட்ட ஒரே கேள்வி. இந்த உறவை விளக்கி 1961ல் போஸே ஒரு கட்டுரை எழுதினார்.

பெயர் வைத்ததில் கொஞ்சம் அநியாயம் உண்டு. இதையே பிரான்சின் ஒக்கெங்கெம் தனியாகக் கண்டுபிடித்து 1959லேயே வெளியிட்டுவிட்டார். எழுதியது பிரெஞ்சில், அவருடைய எழுத்து கடைசியில் நிற்கிறது. ராய் சவுத்ரியின் ராயோ போயே போய்விட்டது.

ஓர் ஆராய்ச்சியாளரின் தாக்கத்தை, அவர் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அளப்பது இப்போது வழக்கம். பதவி உயர்வும் மானியமும் அதைப் பார்த்தே. போஸ் விஷயத்தில் இந்தத் தராசு உதவாது. சிப் வடிவமைக்கும் பொறியாளர் ‘பிசிஎச்’ என்று எழுதிவிட்டு மேலே போகிறார், கட்டுரையைத் தேடுவதில்லை. 1947ல் யாராவது மானிய விண்ணப்பத்தை நீட்டி “இதனால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தால், போஸ் நாணயமாகச் சொல்லியிருக்கக்கூடிய பதில் ‘நல்ல வயல் சோதனை’ என்பதுதான். செயற்கைக்கோள் பறக்கவே இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

பிழையை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியை 1960லேயே பீட்டர்சனும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் பெர்லெகாம்பும் தந்த பிறகுதான் குறியீடு காகிதத்தை விட்டு இயந்திரத்துக்குள் போனது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரீட்-சாலமன் குறியீடு 1982ல் விற்பனைக்கு வந்த சிடியின் கீறல்களைச் சமாளித்தது. கியூஆர் அட்டையின் மற்றக் கட்டங்களைக் காப்பதும் அதுவே. செயற்கைக்கோள் டிவிக்கான டிவிபி-எஸ்2 தரத்தில், வேறொரு குறியீடு முதலில் பிழைகளைக் களைகிறது. அதன் கண்ணுக்குத் தப்பியதைப் பிடிக்க பிசிஎச் கடைசியில் நிற்கிறது.