நகையை அடகு வைக்கும் முன் ஒரு வார்த்தை

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர், வீட்டிலேயே ஸ்டூடியோ போடப் போவதாகச் சொல்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதற்காக உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது என்று கேள்விப்படும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

பெரிய லைட் செட் இல்லாமல் தொழிலைத் தொடங்க முடியாது என்பது பிழையான எண்ணம். பாவித்த கெமரா ஒன்று இருந்தால், கையால் சக்தியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளாஷ் ஒன்று, அதைத் தள்ளி வைத்து அடிக்க ஒரு ரேடியோ ட்ரிகர், ஒரு ஸ்டாண்ட் போதும். மிகுதியைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் இதை வகுப்பறையில் மாணவ தலைவர்களைப் படம் எடுத்தபோதுதான் படித்தோம். பிளாஷை நேராக முகத்துக்கு அடித்தோம். முகம் எண்ணெய் பூசியது போல மின்னியது, பின்னால் கறுப்பு நிழல். சுவருக்குத் திருப்பி அடித்தோம். சுவர் பச்சை, பிள்ளைகளும் பச்சை! கடைசியில் ஒரு பக்கம் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி அதில் அடித்து, மறுபக்கம் ரெஜிபோம் அட்டையை நிறுத்தினோம். வெளிச்சம் மென்மையாக விழுந்தது. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாகும், அவ்வளவுதான் விஷயம்.

இன்னும் இரண்டு விடயங்கள். பிளாஷ் இல்லாமல் முதலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாக வந்தால்தான் அறை மின்குமிழின் மஞ்சள் கலக்காது. ஷட்டரை 1/160 அளவில் வைத்தால் பெரும்பாலான கெமராக்களில் பிரச்சினை வராது. அடுத்தது, இரண்டு அடியில் நேராக அடிக்கும் பிளாஷை நாலு அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, காற்பங்காகும். இது விஞ்ஞானப் பாடத்தில் வருவதுதான் பிள்ளைகளே.

வீட்டில் கேக், அபாயா செய்து விற்கும் எங்கள் சகோதரிகளுக்கும் இந்த ஒரு பிளாஷே போதும். முதலில் அவர்களுடைய பொருட்களைப் படம் எடுத்துக் கொடுங்கள். கை பழகும், நாலு காசும் வரும். அந்தக் காசில் அடுத்த லைட்டை வாங்குங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். கடன் வாங்கும் அவசரத்தை மட்டும் தடுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பிளாஷ் இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துதவுங்கள். ஃபிலிம் காலத்துப் பழையதாக இருந்தால் நேரடியாக டிஜிட்டல் கெமராவில் பூட்ட வேண்டாம். சிலவற்றின் மின்னழுத்தம் கெமராவையே பழுதாக்கிவிடும். பழுதானதைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். பற்றரியை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.