பாரிசிலிருந்து வில்லியனூர் எவ்வளவு தூரம்?

வில்லியனூரில் ஒரு பெரியவர் காலமாகிறார். மகன் இருப்பது பாரிசில். "தம்பி எப்போது வரும்? அதுவரை வைத்திருக்கலாமா?" வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான்.

புதுச்சேரி வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் பலர் இன்று பிரான்சில் பிழைக்கிறார்கள்.

பாரிசிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறந்தால் ஏறக்குறைய 10 மணி நேரம். அவ்வளவுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! அங்கே விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்பே போக வேண்டும். சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து, காரில் ஊர் வந்து சேர இன்னும் நாலைந்து மணி. மொத்தம் இருபது மணியை நெருங்கிவிடும். வழியில் விமானம் மாறினால் அதற்கு மேலும் ஆகும்.

கடிகாரமும் ஏமாற்றும். குளிர்காலத்தில் மகன் "இரவு 8 மணிக்குப் புறப்படுகிறேன்" என்றால், நமக்கு அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை!

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர் இந்தியாவுக்குள் வர விசா வேண்டும், அல்லது ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விமானம் தயாராக இருந்தும் பயனில்லை. அடுத்த முறை பிள்ளை போனில் பேசும்போது, அட்டை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.