சத்தமா வேகம்?

அப்பாவின் 1989 யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டேன். "சைலன்சர் உள்குழாயை உருவிடுங்கண்ணே, வண்டி பறக்கும்" என்றார் மெக்கானிக். உருவினேன். சத்தம்தான் பறந்தது, மேம்பாலம் ஏறுவதற்குள் வண்டி திணறியது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகும் வழியை மூட வால்வு கிடையாது. சைலன்சருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே நழுவும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தக் கணக்கில் கை வைத்தால் 98 சிசி எஞ்சின் என்ன செய்யும்?

உள்குழாயை மறுபடி மாட்டினேன். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாமல், பெட்ரோலில் கழுவிக் காற்றடித்தேன். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினேன். ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. என் பிளக் காபித்தூள் நிறத்தில் இருந்தது.

1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. அதைப் பழையபடி ஓட வைப்பதுதான் மரியாதை. சைலன்சரை வெட்டித் தெருவை எழுப்புகிறவர்களுக்கு அபராதம் போடட்டும்; நானும் கைதட்டுவேன். என் வண்டி கிளம்பினால் மாடிவீட்டுக் குழந்தை இப்போது விழிப்பதில்லை.