பழைய ஜிப்ஸிக்கு என்ன சீர் செய்வது?

கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் கணவர் பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று வாங்கியிருக்கிறார். வால்பாறைப் பக்கம் உறவினர் தோட்டத்துக்குக் குழந்தைகளோடு போய்வர வேண்டுமாம். பெரிய டயர், வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், முன்னால் இரும்புக் கம்பி, கூரையில் விளக்கு வரிசை என்று ஒரு பட்டியலும் தயார். எதை வாங்குவது, எதைத் தள்ளுவது?"

பட்டியலைக் கிழித்துவிடாதீர்கள், சகோதரி! வீட்டில் வீண் மனஸ்தாபம் எதற்கு? அதையே மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: உயிருக்கு, வழிக்கு, கண்ணுக்கு.

முதலில் உயிருக்கு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருஷத்து 23-வது வாரம் பிறந்த டயர். பத்து வருஷம் தாண்டிவிட்டதா? பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பெரிய டயர் வேண்டாம்; அதே அளவில் புதிய டயர் போதும். பெரிதாகப் போட்டால் எஞ்சின் திணறும், பிரேக்குக்கு வேலை கூடும், வேகமுள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அடுத்து பிரேக் எண்ணெய். அது நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஓயாமல் பிரேக்கை மிதித்தால் சூட்டில் அந்த ஈரம் கொதித்துவிடும். மிதித்த கால் பஞ்சில் பதிந்ததுபோல் உள்ளே போய்விடும். பழைய எண்ணெயை மாற்ற ஆகும் செலவு, கூரை விளக்கின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. வண்டிக்கு அடியில் இரும்புச் சட்டம் துருவேறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துருவை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், ஜாக்கிரதை!

இனி வழிக்கு. ஜிப்ஸி 1985-ல் வந்த நாள் முதலே மேடு பள்ளத்துக்கென்று அமைந்த வண்டி. நாலு சக்கரத்துக்கும் விசை போகும். செங்குத்தான ஏற்றத்துக்குத் தனியாக லோ கியரும் உண்டு. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும்; காய்ந்த தார் ரோட்டில் போட்டால் பல்சக்கரங்களுக்குக் கேடு. கியர்ப் பெட்டி எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இவையெல்லாம் சரியாக இருந்தால் நல்ல இழுவைக் கயிறு, காற்று அளக்கும் கருவி, சின்னக் காற்றுப் பம்பு, நல்ல ஸ்டெப்னி ஆகியவை போதும். தோட்டத்து ரோட்டுக்கு வேறென்ன வேண்டும்?

மீதி எல்லாம் கண்ணுக்கு! அதில் சட்டமும் குறுக்கிடுகிறது. முன்னால் வைக்கும் இரும்புக் கம்பியைத் தடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இவ்வளவையும்விட முக்கியமான ஒன்று உங்கள் கணவரின் பட்டியலில் இல்லவே இல்லை. பல ஜிப்ஸிகளில் பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, பெல்ட் கிடையாது. குழந்தைகள் உட்காரப்போவது அங்கேதானே? குறுக்குவாட்டில் உட்காருகிறவருக்குப் பெல்ட் மாட்டினாலும் முழுக் காப்பு இல்லை. முன்பக்கம் பார்த்த ஸீட்டும் பெல்ட்டும் சட்டப்படி வைக்க முடியுமா என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கேட்டு வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அவர் ஜிப்ஸியில் போகட்டும். நீங்களும் குழந்தைகளும் பஸ்ஸில் போங்கள். தோட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே காப்பி சாப்பிடலாம்!