எச்டிஆரும் எங்கப்பாவோட அம்பாசடரும்

பொட்டி தட்டுற பொழப்புல நாலு நாள் லீவு கிடைச்சு ஊருக்குப் போனா, "வண்டியக் குடுத்தரலாம்னு இருக்கேன் கண்ணு"ங்கிறார் அப்பா. 96 மாடல் வெள்ளை அம்பாசடர். உத்தரபாரா தொழிற்சாலையில 2014-லயே தயாரிப்பை நிறுத்தியாச்சு. இவரும் எத்தனை வருஷம்தான் ஸ்பேருக்கு அலைவார்? சரி, போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல படமாவது எடுத்து வெச்சுக்குவோம்னு கிளம்பினேன்.

சேந்தமங்கலம் ரோட்டுல ஒரு புளியமரத்தடி, காலைல ஏழு மணி. வண்டிக்குப் பின்னால கொல்லிமலை, அதுக்கு மேல சூரியன். வானத்துக்கு அளந்தா வண்டி கரிக்கட்டை. வண்டிக்கு அளந்தா வானம் சலவை வேட்டி. எச்டிஆர் கண்டுபிடிச்சதே இதுக்குத்தானே! கேமராவை டிரைபாட்ல நிறுத்தி, அபர்ச்சரைத் தொடாம ஷட்டர் வேகத்தை மட்டும் மாத்தி மூணு படம்: நடுவுல ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் குறைச்சு ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட்டி ஒண்ணு. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு. ஆக, இருட்டுப் படத்துக்கும் வெளிச்சப் படத்துக்கும் 16 மடங்கு வித்தியாசம்.

இந்த யோசனை புதுசு இல்லைங்க. 1850-கள்லயே பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து ஒட்டியிருக்கார். பல படங்கள்லருந்து உண்மையான வெளிச்ச அளவைக் கணக்குப் போட்டு எடுக்கிற வழியை 1997-ல பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் கட்டுரையா எழுதினாங்க.

கணக்குல தப்பே இல்லை. தப்பு என் கைல. மூணையும் சேர்த்தப்புறம், திரைக்குள்ள அடங்குற மாதிரி அதைச் சுருக்கணும் (டோன் மேப்பிங்). அங்க இருக்கிற ஸ்லைடரை கடைசி வரைக்கும் இழுத்துட்டேன். மேகமெல்லாம் அடுப்புக்கரி பூசின பஞ்சு. பம்பர்ல இருந்த ஒவ்வொரு நசுங்கலும் மைக்ராஸ்கோப்ல வெச்ச மாதிரி. குறுக்க போன லாரி வேற மூணு பேய் லாரியா நிக்குது.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "இது நம்ம வண்டியா கண்ணு? ரோட்டுல நிக்காம மெதக்குதே"ன்னார்.

யோசிச்சா அவர் சொன்னதுதான் சரி. காருக்கு அடியில விழுற கறுப்பு நிழல்தான் அதுக்கு எடை குடுக்குது. அதைத் தூக்கி வெளுக்க வெச்சா ஒரு டன்னுக்கு மேல எடையுள்ள வண்டி பலூன் ஆயிடும். கண்ணு பார்த்ததைக் கொண்டு வர்றதுக்குத்தான் எச்டிஆர். கண்ணு பார்க்காததையும் சுரண்டிக் காட்டறதுக்கு இல்லைங்கிறது என் கட்சி. இப்ப போனே தானா எச்டிஆர் பண்ணி எல்லா நிழலையும் தூக்கிடுது. அதைப் பார்த்துப் பார்த்து நிழல்னாலே குறைன்னு பழகிட்டோம். நாமக்கல் பட்டறைல பெயிண்ட் அடிச்ச புது லாரின்னா இந்த அலங்காரம் பொருந்தும், அங்க பெயிண்டரே பாதி எச்டிஆர் பண்ணி வெச்சிருப்பார் :) வெளிறிப்போன அம்பாசடருக்கு ஆகாது.

அப்பா எடுத்துக்கிட்டது மூணுல நடுவுல இருந்த சாதாரணப் படத்தை. வானம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கு, அவருக்கு அது பொருட்டே இல்லை.

வாங்குறவர் ஞாயித்துக்கிழமை வர்றார். இன்னும் ரெண்டு காலை பாக்கி இருக்கு. இந்தத் தடவை ஸ்லைடரை கால்வாசியிலயே நிறுத்திப் பார்க்கணும்.