நீதிபதிக்கு வாக்குப்பெட்டியா?

கண்டி நகரத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையிலே சென்ற தவணையில் எழுந்த விவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். "பாராளுமன்ற உறுப்பினரை மக்கள் தெரிகிறார்கள், சனாதிபதியையும் மக்களே தெரிகிறார்கள். நீதிபதியை மட்டும் ஏன் தெரியக்கூடாது? 2025 ஜூன் 1ஆம் நாள் மெக்சிக்கோ இதைச் செய்து காட்டிவிட்டதே!" என்றார் நண்பரொருவர். அவர் நம்மவர், உழைக்கும் மக்கள்பால் மெய்யான பரிவுடையவர். ஆகவேதான் அவருக்கு விடையிறுப்பது அவசியமாகிறது.

நண்பரின் கோபம் நியாயமானது. தந்தை தொடுத்த காணி வழக்கு மகன் காலத்திலும் முடிவதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் நீதிமன்ற வாசலிலேயே தோற்றுவிடுகிறான். தமிழில் முறையிட வந்தவன் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்து நிற்கிறான். இவற்றை யார் மறுப்பார்? ஆனால் நோய் ஒன்றாக இருக்க, மருந்து வேறொன்றாகலாமா?

முதலில், வாக்களிப்போர் யார் என்று கேட்போம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தொழிலாளர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இல் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. 1952இல் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு எஞ்சவில்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். இக்கொடுமையைச் செய்தவர் கொடுங்கோல் மன்னரல்லர். மக்கள் வாக்கினால் வந்த பாராளுமன்றத்தின் பெரும்பான்மையினரே. இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்டவனுடைய வழக்கை, இடாப்பில் எஞ்சியோரின் வாக்கை நம்பியிருக்கும் நீதிபதி எப்படிக் கேட்பான்?

அன்றைய சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஏனையோர்க்கில்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்தார்மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று அது விதித்தது. அதனை நம்பி, கண்டிக்கு அயலிலுள்ள கேகாலை மாவட்டத்திலே, ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பெயர் இடம்பெற வேண்டுமென்று கோடகன் பிள்ளை முறையிட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் நின்றார். 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் சட்டம் செல்லும் என்றே கூறிற்று.

"பார்த்தீர்களா, நியமிக்கப்பட்ட நீதிபதிகளும் கைவிட்டனரே!" என்பார் நண்பர். உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அடுத்த வழக்கையும் பார்ப்போம். 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தை எதிர்த்து அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், அச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணாதலால் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1956இன் தேர்தல் அலையை நினைவுகூருங்கள். அந்த அலையிலே வாக்குக் கேட்டு வந்த ஒருவர் இத்தீர்ப்பை எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால் மறுமுறை அவ்வாசனத்தில் அமர்ந்திருப்பாரா?

இது வெறும் ஊகமன்று. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒருபால் திருமணத்தைத் தடுத்த சட்டம் செல்லாதென்று மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் ஏகமனதாகத் தீர்த்தது. 2010இல் மக்கள் வாக்குக்கு முகங்கொடுத்த அந்நீதிபதிகள் மூவரும் பதவியிழந்தனர். நண்பர் புகழும் மெக்சிக்கோவிலோ வாக்களிக்க வந்தோர் ஏறத்தாழ 13 வீதத்தினரே. எஞ்சியோர் வீட்டிலிருக்க, ஆட்களைத் திரட்டவல்ல கட்சிக்கே அத்தகைய தேர்தல் வாய்ப்பாகும்.

நம் நாட்டிலும் நீதிபதியின் விதியை வாக்கெண்ணிக்கை தீர்த்ததுண்டு. 1983இல் விவியன் குணவர்தனவின் கைது சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் தீர்த்தபோது, குற்றங்காணப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவியுயர்வு கிடைத்தது. நீதிபதிகளின் வீட்டு வாயிலில் கும்பல் கூடி வசைபாடிற்று. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவை நீக்கப் பாராளுமன்றத்தில் 155 கைகள் போதுமாயிருந்தன. விசாரணை முறையே யாப்புக்கு முரணென்று நீதிமன்றம் கூறியதை அக்கைகள் பொருட்படுத்தவில்லை.

இனி நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதொன்றுண்டு. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் இடதுசாரிகள். அது நம் பெருமை. 1972இன் யாப்பை வரைந்தவரும் இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வாவே, அந்த யாப்பிலே 29ஆம் பிரிவு மறைந்தது, நிறைவேறிய சட்டத்தைப் பரிசீலிக்கும் நீதிமன்ற அதிகாரமும் மறைந்தது. மக்கள் பிரதிநிதிகளுக்குமேல் எவரும் இருத்தலாகாது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். நண்பரின் வாதமும் அதே வேரில் முளைத்ததுதான். அந்நம்பிக்கையின் கனியை 1978இன் யாப்பு அறுவடை செய்தது: அதன் 80(3)ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகரின் சான்று பெற்ற சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குள்ளாக்க முடியாது. அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டங்களையும் 16ஆம் உறுப்புரை காத்து நிற்கிறது.

உரிமை என்பது பெரும்பான்மையினர் மனமிரங்கித் தரும் மானியமன்று. அரசு பிறக்குமுன்னரே மனிதனுக்கு உரியது அது. அரசின் கை எதுவரை நீளலாம் என்று கோடு கிழிப்பதற்காகவே யாப்பு எழுதப்படுகிறது. அக்கோட்டைக் காப்பவனை ஆள்வோரின் தயவிலும் விடலாகாது, கூட்டத்தின் கைதட்டலிலும் விடலாகாது. ஆகவே நாம் கேட்கவேண்டியது வாக்குப்பெட்டியன்று. 80(3)உம் 16உம் நீங்கவேண்டும். 2001இல் தோன்றி, 2010இலும் 2020இலும் வெட்டப்பட்டு, 2022இல் மீண்டும் தளிர்த்த அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலின்றி உயர் நீதிபதியின் நியமனம் நடவாதவாறு உறுதிசெய்ய வேண்டும். ஏழைக்கு அவன் மொழியிலே இலவசச் சட்டவுதவி கிடைக்கவேண்டும்.

குடியியற் பாடவேளையில் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், சட்டமே பிழையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டனார் 1949இல் வாக்கிழந்தவர்களுள் ஒருவர். இன்றைய யாப்பின்படி நான் சொல்லக்கூடிய நேர்மையான விடை, "யாரிடமும் சொல்ல முடியாது, பிள்ளை" என்பதே. அந்த விடையை மாற்றப் போராடுவோம்; வாருங்கள், நண்பரே!