காக்கா எச்சத்துக்கு மரத்தை வெட்டலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் என் தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் புதுக் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நல்ல பளபளப்பான கறுப்பு. தெருவுக்குள் திரும்பியதும் எனக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. காம்பவுண்டுக்குள் வாசலை ஒட்டி நின்ற புங்கமரத்தைக் காணோம். அந்த இடத்தில் இரும்புக் குழாய் நட்டுத் தகரக் கொட்டகை. அதற்குள் கார்.

"என்னப்பா இது?" என்றேன்.

"வண்டி 12 லட்சம் மாமா. தினம் காலையில எந்திரிச்சுப் பாத்தா மேலெல்லாம் காக்கா எச்சம். பெயிண்டே போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான்" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அந்த வீடு கட்டி முடித்த வருஷம் அந்தக் கன்றை நட்டது அவன் அப்பா, என் மச்சான். குடிக்கிற தண்ணீரையே குடத்தில் தூக்கி வந்த காலத்தில் அதற்கும் ஒரு சொம்பு ஊற்றி வளர்த்தார். அவர் இப்போது இல்லை. மரமும் இல்லை.

அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவனும் இதைப் படிப்பான். என்னைவிட நல்ல பிள்ளை. உங்களில் பலர் இப்போது கார் வாங்குகிறீர்கள், படம் போடுகிறீர்கள், எனக்கும் சந்தோஷம். உங்கள் வாசலிலும் ஒரு வேம்போ புங்கமோ நிற்கும். அந்த மரங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டிலும் இதே பிரச்சினை உண்டு. விளாங்குடியில் எங்கள் வாசல் வேம்பின் கீழேதான் கார் நிற்கிறது. சின்னவன் பெங்களூரிலிருந்து வாங்கிக் கொடுத்த கார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ தேடி அலைய வேண்டாம் என்று. வண்டி எடுத்த அன்றே ஷோரூமில் ஒரு தம்பி, "சார், செராமிக் கோட்டிங் போட்டுருங்க. 18,000 ரூபாய்தான். மூணு வருஷத்துக்கு வெயிலே தாக்காது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், "சார், கிளையை மட்டுமாவது கழிச்சிருங்க" என்றார். இன்னொருவர், "புது வண்டிக்கு ஆறு மாசம் வேக்ஸே போடக் கூடாது" என்றார். 31 வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு இத்தனை பேர் பாடம் எடுத்தால் பொறுக்குமா? விசாரிக்கக் கிளம்பினேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் பைபாஸ் ரோட்டுப் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வேதியியலில் 40 மார்க்குக்கு மேல் வாங்கியதே இல்லை. அன்றைக்கு அவன் வாத்தியார், நான் மாணவன். பெயிண்டின் கனத்தை அளக்கிற சின்னக் கருவியை என் கார்க் கதவில் வைத்துக் காட்டினான். 110 மைக்ரான் என்று காட்டியது.

110 மைக்ரான் என்றால், நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் ஒன்றின் கனம். அவ்வளவுதான் முழுப் பெயிண்டும். அதற்குள்ளேயே இரும்பை ஒட்டித் துரு பிடிக்காத பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்த்து மயங்குகிற பளபளப்பு அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அது 40, 50 மைக்ரான்தான். பாதித் தாள்கூட இல்லை.

வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் இந்தக் கிளியர் கோட்டின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. அதைத் தாங்குவதற்கென்றே தயாரிக்கும்போது அதில் சில வேதிப்பொருள்களைக் கலந்திருக்கிறார்கள். அவையும் வருஷக்கணக்கில் வெயில் தின்னத் தின்னத் தீர்ந்துபோகும். பிறகு மேல்கூரையிலும் பானெட்டிலும் பாம்புச் சட்டை மாதிரி உரியும். நம்மூர்ப் பழைய கார்களில் பார்த்திருப்பீர்கள். பக்கக் கதவு நன்றாக இருக்கும், கூரை மட்டும் சொறி பிடித்த மாதிரி இருக்கும். வெயில் நேராக விழுகிற இடம் அது.

சரி, மெழுகு என்ன செய்கிறது? இங்கேதான் எல்லோரும் குழம்புகிறோம்.

மதுரைக்காரர்களுக்கு மெழுகின் வேலை புதிதல்ல. சுங்குடிச் சேலையில் மெழுகு அச்சு வைப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. காரிலும் அதே வேலைதான். எச்சம், உப்புத் தண்ணீர், புழுதி, மரப்பிசின் எதுவும் கிளியர் கோட்டை நேராகத் தொடாமல் குறுக்கே நிற்கும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு தேய்ந்துபோகும். கார் வேக்ஸில் உசத்தி என்று சொல்கிற கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பூமியில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுப்பது. வெயிலில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்தப் பனை தன் இலைக்குத் தானே பூசிக்கொள்கிற மெழுகு. நம்மூர்க் கண்மாய்க் கரை எருக்கிலையைத் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளையாக ஒட்டும். அதுவும் அந்த வகைக் காப்புதான்.

ஆனால் புற ஊதாக் கதிரை இந்த மெல்லிய மெழுகால் பெரிதாகத் தடுக்க முடியாது. சூட்டையும் தடுக்க முடியாது. சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை 60, 70 டிகிரி வரை போகும். கார்னோபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே உருகி ஓடாது. ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். குளிர்நாட்டு டப்பாவில் எழுதியிருக்கிற மாதக்கணக்கு இங்கே செல்லாது. நம் வெயிலில் ஆறு வாரம், இரண்டு மாதம் நின்றால் பெரிது. செராமிக் கோட்டிங் இதைவிடக் கெட்டி, நாளும் கூட நிற்கும். அதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'வெயிலே தாக்காது' என்பது விற்கிறவர் வார்த்தை. அதன்மேலும் எச்சம் காய்ந்து கிடந்தால் தழும்பு விழும்.

அப்படியானால் வெயிலுக்கு மருந்து எது? நிழல். நிழல் மட்டும்தான். மெழுகு வெயிலுக்கான மருந்தே இல்லை. நிழலில் நிறுத்துவதால் வருகிற எச்சத்துக்கும் பிசினுக்கும்தான் மெழுகு மருந்து. மரத்தை வெட்டிவிட்டு மெழுகு பூசுகிறவன், குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மழைக்கோட்டுப் பொத்தானைப் போடுகிறவன். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தகரக் கொட்டகை நிழல்தானே என்பீர்கள். கதிரை மறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு அதனடியில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், பிறகு மரத்தடியில் நின்று பாருங்கள். தகரம் தானும் காய்ந்து கீழேயும் அனலை இறக்கும். மரம் இலை வழியே நீரை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து, சுற்றியும் குளிரவைக்கும். கவர் போடலாமே என்றால், ஆடிக் காற்றில் கவருக்குள் புகுந்த புழுதி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

மரத்தால் தொல்லையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பங்குனியில் வேப்பம்பூ கொட்டும். ஆனி, ஆடியில் பழம் விழுந்து பிசுபிசுக்கும். அதைத் தின்ன மைனாவும் காக்காவும் வரும், தின்றால் எச்சம் போடும். என் கார் பானெட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போய் மூன்று நாள் கழித்து வந்தேன். எச்சம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. எச்சத்தின் அமிலத்தன்மை மட்டும் காரணமில்லை. பகல் சூட்டில் கிளியர் கோட் லேசாக இளகி விரிகிறது. ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது, மேலே கெட்டியாகக் கிடக்கிற எச்சத்தின் மேடுபள்ளத்தை அப்படியே அச்சு எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்தும் நான் பதறிப்போய்ப் பழைய பனியனால் தேய்த்தேன். தழும்போடு கீறலும் சேர்ந்தது. அந்தத் தப்பு என்னுடையது. அந்தக் காரின் மேல் மெழுகும் இல்லை அப்போது. மரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்து வருவதைச் சொல்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் இறங்கிய பிறகு. பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் தண்ணீரும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். சூட்டில் மெழுகு திட்டுத் திட்டாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

2. ஓஸ் பிடித்துத் தெருவெல்லாம் ஓடவிட வேண்டாம், இது மதுரை. முதலில் ஒரு சொம்பால் புழுதி போக ஊற்றிவிட்டு, இரண்டு வாளி போதும். ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் துணியை அலச. பாத்திரம் விளக்குகிற சோப்பு பழைய மெழுகையும் கழற்றிவிடும்.

3. நம் போர்த் தண்ணீர் உப்பு. வெயிலில் அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். உடனே துடைத்துவிடுங்கள். முடிந்தால் கடைசி அரை வாளி மட்டும் குழாய்த் தண்ணீர்.

4. மெழுகை ஒரு கதவுக்குச் சுண்டைக்காய் அளவு எடுத்தால் போதும். மெலிதாகத் தடவி, வெள்ளையாகப் பூத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கறை போகாது.

5. புது வண்டிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனியில் பெயிண்ட்டை அடுப்பில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த பாகத்துக்குத்தான் சில வாரம் ஆறவிட வேண்டும்.

6. வேக்ஸ் வேறு, ரப்பிங் வேறு. வேக்ஸ் மேலே ஒரு படலம் சேர்க்கும். ரப்பிங் காம்பவுண்ட் கிளியர் கோட்டையே சுரண்டி எடுத்துப் பளபளப்பு காட்டும். பாதித் தாளில் எத்தனை தரம் சுரண்டுவீர்கள்?

7. எச்சத்தைப் பார்த்த அன்றே எடுங்கள். ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

மெழுகு இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பந்தியில் வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும் அல்லவா? காரிலும் அப்படி நின்றால் மெழுகு இருக்கிறது. பாய் விரித்த மாதிரி பரவினால் மறுபடி பூச நேரம் வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம். சில நூறு ரூபாய் டப்பா ஒரு வருஷம் வரும். இதற்குப் பதிலாக இருபது வருஷம் வளர்ந்த மரத்தை ஒரே காலையில் சாய்ப்பது என்ன கணக்கு? கார் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் கைமாறிவிடும். வாங்குகிறவன் பானெட் தழும்புக்கு ஐயாயிரம் குறைப்பான், போகட்டும். மரத்தடியில் கறிகாய் வண்டிக்காரம்மா மூச்சு வாங்க நிற்பார். தபால்காரர் சைக்கிளைச் சாத்துவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வேனுக்குக் காத்திருப்பார்கள். அந்த நிழலுக்கு யார் விலை குறைப்பது?

ராணி மங்கம்மாள் போட்ட சாலை, சாவடி, நட்ட மரம் என்று இன்றைக்கும் நம்மூரில் பேசுகிறோம். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் சின்னப் பையனாக விருதுநகருக்குப் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் புளியமரம் கூரை போட்டிருக்கும். நான்கு வழிச் சாலை வந்தபோது அந்த மரங்கள் போயின. சாலை தேவைதான், அதில் நானும்தான் போகிறேன். ஆனால் ஊர் மரத்தை ரோட்டுக்குக் கொடுத்தோம், வீட்டு மரத்தைக் காருக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன? தெருவோர மரம் அரசு நிலத்தில் நின்றால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் காம்பவுண்டுக்குள் நிற்கிற மரத்துக்கு நம் மனசாட்சிதான் குழு.

கடைசியாக என் தங்கச்சி மகனுக்கு ஒரு வார்த்தை. மருமகனே, போனது போகட்டும். வேர் சுவரைப் பிளந்தது, அதுவும் ஒரு காரணம் என்று உன் அம்மா சொன்னாள். இந்தத் தடவை சுவரைவிட்டு ஆறடி தள்ளி நடுவோம். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு புங்கங்கன்றும் ஒரு டப்பா வேக்ஸும் எடுத்துக்கொண்டு வருகிறேன். குழியை மட்டும் நீ வெட்டி வை.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வகுப்பில் கேட்காதவர்களும் கேட்கலாம், இப்போது பிரம்பு இல்லை.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்
விளாங்குடி, மதுரை